தீபாவளிக்கும் நத்தாருக்கும் கையால் என்ன செய்து கொடுக்கலாம்? மலையகத்துக் குளிருக்கும் பஸ் பயணத்துக்கும் ஏற்ற ஒரு ஒப்பீடு

தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் மூன்றும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடும். கொடுக்க வேண்டிய ஆட்களோ எல்லாத் திசையிலும் இருக்கிறார்கள். பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பெரியம்மா, கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி, பிள்ளைக்குப் படிப்பிக்கும் டீச்சர், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அக்கா, 1964 சிறிமா-சாஸ்திரி (இலங்கை-இந்திய) ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிப் பக்கம் போய்க் குடியேறிய சித்தப்பா குடும்பம். எல்லாருக்கும் கடையில் சுற்றி வைத்திருக்கும் பரிசுப் பெட்டியை வாங்கினால் தீபாவளி முற்பணம் அங்கேயே கரைந்துவிடும், அந்த முற்பணமும் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படுகிற காசுதான். அதனால்தான் கையால் செய்து கொடுங்கள் என்கிறேன். காசு மட்டும் காரணம் இல்லை, வீட்டில் செய்த ஒரு டின் பலகாரத்தை ஆள் எப்படி இரண்டு கையாலும் வாங்குவார் என்று பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை.

சரி, எதைச் செய்வது? வீடியோக்களில் பார்த்து அழகாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அவை பெரும்பாலும் சமவெளி வெயிலில் எடுத்தவை. நம் பக்கம் ஐப்பசியில் பிற்பகலானால் மழை, அதற்கு மேல் மூடுபனி, துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. இந்த ஈரத்தில் எது தாங்கும், எது பஸ்ஸில் நசுங்காமல் போகும், போய்ச் சேரும் இடத்துச் சூட்டில் எது கெடாமல் இருக்கும் என்ற மூன்று கேள்வியையும் வைத்துத்தான் கீழே உள்ளவற்றை ஒப்பிட்டிருக்கிறேன்.

முதலில் எல்லார் மனதிலும் வருவது முறுக்கு. எனக்கும் பிடித்ததுதான், ஆனால் பரிசாகக் கொடுப்பதற்கு மலையகத்தில் இதைவிடக் கஷ்டமான பலகாரம் இல்லை. அதன் உயிரே மொறுமொறுப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சியதும் நமத்துப்போகும். சூடு ஆறுவதற்கு முன் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் உள்ளேயே வியர்த்து இன்னும் சீக்கிரம் நமத்துப்போகும், ஆறட்டும் என்று திறந்து வைத்தாலோ மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்புச் சூடு இருக்கும் அறையிலேயே ஆறவைத்து, கை வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்றானதும் உடனே இறுக்கமான பிஸ்கட் டின்னில் அடைப்பதுதான் வழி. அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும், நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 பாகை அளவுதான், ஆகவே தேங்காய் எண்ணெயில் பொரித்த முறுக்கின்மேல் மறுநாள் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது கெட்டதல்ல, உறைந்த எண்ணெய்தான், ஆனாலும் பரிசைத் திறக்கும் ஆளுக்குப் பூஞ்சணம் போலத் தெரியும். உயரமான இடத்தில் இருப்பவர்கள் முறுக்குக் கொடுக்க வேண்டுமென்றே இருந்தால் சூரியகாந்தி எண்ணெயில் பொரிப்பது நல்லது. பண்டிகைக்கு முதல்நாள் சுட்டு அதே லயத்தில் சுடச்சுடக் கொடுப்பதானால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, அதற்கு முறுக்கை மிஞ்ச எதுவும் கிடையாது.

அதே அடுப்பு, அதே எண்ணெய், ஆனால் அதிரசம் வேறு கதை. அது மெத்தென்று இருக்க வேண்டிய பலகாரம், அதனால் ஈரம் அதை ஒன்றும் செய்துவிடாது, இரண்டு நாள் போனால் ருசி இன்னும் கூடும். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ சர்க்கரை. அரிசியை ஊறவைத்து வடித்து, கையில் பிடித்தால் ஈரம் தெரிகிற பதத்தில் இடித்துச் சலிக்க வேண்டும், முழுதாய்க் காய்ந்த மாவில் அதிரசம் வராது. காய்ந்த மாவு வேண்டாம் என்பதால், துணி காயாத நம் ஊர் இந்த ஒரு பலகாரத்துக்கு மட்டும் தோதாக அமைந்துவிடுகிறது. பாகு சேர்த்த மாவை ஒருநாள், இரண்டுநாள் மூடி வைக்க வேண்டும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூட வைக்கலாம். ஆகவே ஒருநாள் மாலை மாவு, இன்னொருநாள் மாலை சுடுவது என்று பிரித்துக்கொள்ளலாம். கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வந்து ஐந்து மணிக்கு மேல்தான் அடுப்படிக்கு வர முடிகிற ஒரு பெண்ணுக்கு இந்தப் பிரித்துச் செய்யும் வசதி பெரிய விஷயம். கொழும்புக்குப் போகும் தம்பிக்குக் கட்டிக் கொடுக்கவும் முறுக்கைவிட அதிரசம்தான் என் தேர்வு, பஸ்ஸில் நசுங்கினாலும் அது அதிரசம்தான், முறுக்கு நசுங்கினால் தூள்.

இனிப்பில் அடுத்தது பால் டொபி. ஒரு டின்பால், ஏறக்குறைய அரைக் கிலோ சீனி, அரைக் கோப்பைத் தண்ணீர், கொஞ்சம் பட்டர், கஜு, வனிலா. சாமான் குறைவு, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், பிள்ளைகளையும் வெட்டிச் சுற்றுவதற்குச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே உயரம் ஒரு வேலை காட்டும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீர் ஒரு பாகை முன்னதாகவே கொதிக்கும். கண்டியில் 98 பாகையில், ஹட்டன், பண்டாரவளையில் 96 அளவில், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 அளவில் கொதித்துவிடும். டொபிக்கு 112 முதல் 116 பாகை வரை என்று புத்தகத்தில் போட்டிருப்பது கடல் மட்டத்துக் கணக்கு, அதை நம்பி நுவரெலியாவில் 116 வரும்வரை கிளறினால் டொபி கல்லாகிவிடும். வெப்பமானியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பாருங்கள், மெத்தென்ற உருண்டை வந்தால் இறக்கலாம். நம் பாட்டிமார் பாகுப் பதம் பார்த்த அந்த முறை எந்த உயரத்திலும் பொய் சொல்லாது. துண்டு போட்ட அன்றே ஒவ்வொன்றையும் ஒயில் பேப்பரில் சுற்றிவிட வேண்டும், திறந்து கிடந்தால் சீனி ஈரத்தை இழுத்து மேற்பரப்பு பிசுபிசுத்துப் போகும். தேங்காய் டொபியும் இதே மாதிரித்தான், மலிவும்கூட, ஆனால் தேங்காயில் எண்ணெய் இருப்பதால் சில நாளிலேயே காறல் வாடை வரத் தொடங்கும். தூரத்துக்குப் பால் டொபி, பக்கத்துக்குத் தேங்காய் டொபி.

இனி போத்தலில் போகிறவை. ஜாமா, அச்சாறா என்பதுதான் இதில் உண்மையான போட்டி, இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரோபெரி ஜாம் என்றதும் நுவரெலியா ஞாபகம் வரும், கொழும்பில் இருப்பவருக்கு அந்தச் சிவப்புப் போத்தலைப் பார்த்தாலே சந்தோஷம். ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சீனி, இரண்டு தேசிக்காய்ச் சாறு. ஸ்ட்ரோபெரியில் இறுகவைக்கும் பெக்டின் குறைவு, தேசிக்காயின் புளிப்பு இல்லாமல் அது இறுகாது. டொபிக்குச் சொன்ன உயரக் கணக்கு இங்கேயும் உண்டு. கடல் மட்டத்தில் 104, 105 பாகையில் இறுகும் ஜாம் நுவரெலியாவில் 98, 99 பாகையிலேயே இறுகும் நிலைக்கு வந்துவிடும். குளிரவைத்த தட்டில் ஒரு கரண்டி விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் போதும். போத்தலைக் கொதிநீரில் போட்டுச் சுத்தப்படுத்த 10 நிமிடம் என்று சொல்வார்கள், நம் உயரத்தில் 15 நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள், ஏனென்றால் இங்கே கொதிக்கும் தண்ணீர் அந்தளவு சூடான தண்ணீர் இல்லை. சிக்கல் விலைதான், பண்டிகைக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளும் வந்து நிற்பார்கள், பழத்தின் விலை கையைக் கடிக்கும். அதற்கு மாற்றாக மரத்தக்காளியும் கொய்யாவும் இருக்கின்றன. வேலியோரம் காய்க்கிற மரங்கள், இரண்டிலும் பெக்டின் தாராளம், தானாகவே இறுகும், நிறமும் நல்ல நிறம். மரத்தக்காளி ஜாமைக் கடையில் எளிதில் பார்க்க முடியாது என்பதாலேயே அதைப் பரிசாகக் கொடுப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. பழத்தைக் கொதிநீரில் முக்கித் தோலை உரித்துவிடுங்கள், தோல் கசக்கும்.

அச்சாறுக்கு வருவோம். ஊறுகாய் என்றால் வெயில் வேண்டும், உப்பில் ஊறிய தேசிக்காயை நாள்கணக்காகக் காயவைக்க வேண்டும், மழை மாதத்தில் அது நடக்காத வேலை. அச்சாறுக்கு வெயிலே வேண்டாம், வினாகிரிதான் அதைக் காப்பாற்றுகிறது. கரட் அரைக் கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம், பேரீச்சம்பழம் 200 கிராம். தேங்காய் வினாகிரியில் சீனியும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, பேரீச்சை தவிர்ந்த மற்றதெல்லாவற்றையும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அதில் முக்கியெடுத்து, ஆறியதும் கடுகு, இஞ்சி, உள்ளியை அதே வினாகிரி விட்டு அரைத்த விழுதோடும் மிளகாய்த்தூளோடும் பேரீச்சையோடும் பிரட்டிப் போத்தலில் அழுத்தி அடைக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் சேரக் கூடாது, வினாகிரியில் தண்ணீர் கலக்கவும் கூடாது. முதல் நாள் சாப்பிட்டால் கடுகு மூக்கில் ஏறும், ஒரு வாரம் போனால் புளிப்பு, காரம், இனிப்பு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வேறு ஒரு பொருளாகிவிடும். அதனால் பண்டிகைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன் செய்வதுதான் சரி. மற்றப் பலகாரம் எல்லாம் கடைசி நேர வேலையாக நம் கழுத்தைப் பிடிக்கும்போது, இது முன்னதாகவே முடிந்து அலுமாரியில் உட்கார்ந்திருக்கும். கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் விளைகிற மண்ணிலிருந்து போகும் பரிசு, கொழும்பு விலையோடு பார்த்தால் நமக்கு மரக்கறி மலிவு, நீரிழிவு உள்ள வீட்டுக்கும் சீனியைக் குறைத்துப் பேரீச்சையை விட்டுவிட்டுச் செய்து கொடுக்கலாம். ஒரேயொரு பொருள்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் நான் அச்சாறைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை, தகர மூடியை வினாகிரி அரிக்கும், பிளாஸ்டிக் மூடிப் போத்தலாகப் பாருங்கள், அல்லது மூடிக்குக் கீழே சோறு கட்டும் லஞ்ச் சீட்டில் ஒரு துண்டை வைத்து மூடுங்கள்.

நத்தார் கேக்கைப் பற்றியும் கேட்பார்கள். ரவை, கஜு, முந்திரிகை வற்றல், நீற்றுப்பூசணியில் செய்யும் புஹுல் தோசி, சௌசௌவும் இஞ்சியும் பாகில் போட்டது, முட்டை மஞ்சள் கரு என்று அதன் சாமான் பட்டியலே ஒரு மாதச் செலவு. பழங்களைப் பிராந்தியில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும், வீட்டில் கேக் சுடும் அவன் அடுப்பு இல்லாதவர்கள் தெரிந்த பேக்கரியில் கெஞ்சிச் சுட்டெடுக்க வேண்டும். ருசியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நாள்பட இருக்கவும் செய்யும், சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வண்ணத் தாளில் சுற்றிப் பலருக்குப் பங்கிடலாம். ஆனாலும் தனியாகச் செய்யும் வேலை இல்லை அது. நாலு வீடு சேர்ந்து சாமான் வாங்கி ஒரே நாளில் செய்து பிரித்துக்கொண்டால் மட்டும் கையிலெடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கும் நீலகிரிச் சித்தப்பாவுக்கும் மேலே சொன்ன எதுவும் சரிவராது. போத்தல் உடையும், பலகாரம் பார்சலில் கிடந்து பழசாகும். அங்கே போக வேண்டியது காய்ந்த பொருள், எடை குறைந்த பொருள், அந்த வகையில் வறுத்த கறித்தூளுக்கும் மசாலாத் தேயிலைக்கும்தான் போட்டி. கறித்தூளுக்குக் கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கராம்பு, ஏலம், கறுவா, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஒன்றாகப் போட்டால் சீரகம் கருகும்போது கொத்தமல்லி பச்சையாகவே இருக்கும். மாத்தளை, கண்டிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் மிளகும் கராம்பும் தோட்டத்திலிருந்தே கேட்டு வாங்குங்கள், வாசனையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மில்லில் அரைத்தால் தூள் சூடாக வரும், அதைப் பரப்பி முழுதாக ஆறவிட்டு அன்றே அடைத்துவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் மூடுபனி ஈரம் ஏறிக் கட்டிபிடிக்கும். அரபு நாட்டில் இன்னொருவர் சமையலறையில் வேலை செய்கிற ஒருத்திக்கு, தன் அம்மா வறுத்த தூளின் மணம் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை அனுப்புவதில் சோம்பல் படாதீர்கள்.

மசாலாத் தேயிலை செய்வது அதைவிடச் சுலபம். 200 கிராம் பி.ஓ.பி.எஃப் (பொடி ரகத் தேயிலை) தூளுக்கு இரண்டு தேக்கரண்டி சுக்குத்தூள், 15 ஏலக்காய் தட்டியது, இரண்டு துண்டு கறுவா நொறுக்கியது. பச்சை இஞ்சி போட வேண்டாம், அந்த ஈரத்தில் தேயிலை பூஞ்சணம் பிடிக்கும். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், கறித்தூளோடு ஒரே பார்சலில் அனுப்புவதானால் இரண்டுக்கும் இடையில் வெள்ளித் தாள் உறை கட்டாயம். எந்தத் தேயிலை என்பதிலும் கவனம் வையுங்கள். ஊவாப் பக்கம் (பதுளை, பண்டாரவளை) தரமான காலம் ஆடி, ஆவணிக் காற்று அடிக்கிற ஜூலை முதல் செப்டெம்பர் வரை, திம்புள்ளைப் பக்கம் (ஹட்டன், தலவாக்கலை) ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகவே தீபாவளிக்கும் நத்தாருக்கும் கொடுப்பதானால் ஊவாத் தேயிலை வாங்கிக் கலப்பதும், பொங்கல் கழித்து அனுப்புவதானால் திம்புள்ளைப் புதுத் தேயிலைக்குக் காத்திருப்பதும் சரியாக வரும். நீலகிரியில் இருப்பவருக்குத் தேயிலை எதற்கு, அங்கேயும் மலையெல்லாம் தேயிலைதானே என்று கேட்கலாம். அவர்கள் பிறந்த மலையின் தேயிலை இது, அவர்களுக்குக் கட்டாயம் அனுப்புங்கள்.

சாப்பாடு இல்லாத பரிசுகளில் எனக்கு மனம் போவது கம்பளி நூல் வேலையில்தான். ஒரு பெரிய ஆளின் தொப்பிக்கு ஏறக்குறைய 100 கிராம் நூல் போதும், பின்னத் தெரிந்தவர் சில மாலைகளில் முடித்துவிடுவார். அசல் கம்பளியா, அக்ரிலிக்கா என்றால் நம் ஈரத்துக்கு அக்ரிலிக், துவைத்தால் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. விடிகாலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பும் பெரியம்மாவுக்கும், மார்கழியில் பிறந்த குழந்தைக்கும் இதற்கு மேல் பொருத்தமான பரிசு என்னால் நினைக்க முடியவில்லை, அதிரசம் ஒரு வாரத்தில் முடியும், தொப்பி பல குளிர்காலம் தலையில் இருக்கும். கொழும்புக்காரருக்கு மட்டும் பின்னாதீர்கள், அங்கே அது அலுமாரியை விட்டு வெளியே வராது. நேரமும் நினைவில் இருக்கட்டும், ஐந்து பேருக்குப் பின்னுவதானால் ஆவணியிலேயே ஊசியை எடுக்க வேண்டும்.

பூச்செடிக் கன்று கொடுப்பது கிட்டத்தட்டச் செலவே இல்லாத பரிசு. ஜெரேனியம், பெகோனியா, ஹைட்ரேஞ்சியா எல்லாம் நம் பக்கம் தண்டை நட்டாலே பிடித்துக்கொள்ளும். தேயிலை வளரும் புளிப்பு மண் என்பதால் ஹைட்ரேஞ்சியா இங்கே நல்ல நீலமாகப் பூக்கும். ஆனால் இதுவும் மலைக்குள்ளேயே கொடுக்க வேண்டியது, இந்தக் குளிர்ப் பிரதேசச் செடிகளைக் கொழும்புச் சூட்டுக்கும் யாழ்ப்பாண வெயிலுக்கும் அனுப்பி வாடவிட வேண்டாம். டீச்சருக்குக் கொடுக்க நல்லது, பரிசு பெரிதாகிவிட்டதோ என்ற கூச்சம் இரு பக்கமும் இருக்காது.

மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்யலாமா என்றால், என் பதில் வேண்டாம். சவர்க்காரத்துக்குக் கோஸ்டிக் சோடா வேண்டும், தோலைச் சுட்டுவிடும் சாமான், பிள்ளைகள் ஓடி விளையாடும் சின்ன லயத்து அறையில் அதைக் கொண்டுவருவதே தப்பு. உருகிய மெழுகும் அதே போலத்தான், அதுவும் கடை மெழுகுதிரியைவிட மலிவாக வராது.

இனி உங்கள் பட்டியலை எடுத்து ஆட்களைப் பிரியுங்கள். நடந்து போய்க் கொடுக்கக்கூடியவர்களுக்கு முறுக்கு, தேங்காய் டொபி, தொப்பி, பூச்செடி. பஸ், ரயில் பயணத்துக்கு அதிரசம், பால் டொபி, அச்சாறு. கடல் தாண்டிப் போவதற்குக் கறித்தூள், தேயிலை. பதுளை, பசறைப் பக்கம் மார்கழியில்தான் மழை வலுக்கும், தலவாக்கலை, ஹட்டன் பக்கம் தை பிறக்கும்போது வானம் வெளுக்கத் தொடங்கிவிடும், ஆகவே முறுக்கு மேல் ஆசை இருக்கும் ஹட்டன் பக்கத்தார் அதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். தனி ஆளாக எல்லாவற்றையும் செய்யக் கிளம்பாதீர்கள், இரண்டே பொருளைத் தேர்ந்து அதையே பல வீட்டுக்குப் பங்கிட்டால் சாமான் மொத்தமாக மலிவாக வரும், அடுப்பும் இரண்டு நாளோடு ஓயும்.

கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. போத்தல்களைப் பழைய பத்திரிகையில் தனித்தனியாகச் சுற்றி, நடுவில் துணி வைத்து நிமிர்த்தியே அடுக்குங்கள், பண்டிகைக் கூட்டத்தில் பை மடியில் இருந்தாலும் நாலு பேர் மேலே விழுவார்கள். ஒவ்வொன்றின் மேலும் என்ன பொருள், எந்தத் தேதியில் செய்தது, எவ்வளவு நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள், கஜுவும் கடுகும் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் இருப்பதால் அவை சேர்ந்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி அதிலேயே ஒரு வரி சேருங்கள், அடுத்த வருடத்து அச்சாறுக்கு அது வேண்டும்.